விண்மீன் காற்றைக் காட்டும் கீற்றணி: தாராபுரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மதிப்புரை

மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் வரையப்பட்ட, ஒன்றேகால் அங்குல வளையத்துக்குள் பொருத்தி விற்கப்படும் விளிம்பு விளைவுக் கீற்றணி (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், நுண்கோடுகள் நிறைந்த கண்ணாடி) ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. தொலைநோக்கியின் ஐபீஸிலோ கேமராவின் முன்குழாயிலோ இதைத் திருகிக்கொண்டால், புள்ளியாகத் தெரியும் விண்மீனுக்குப் பக்கத்தில் அதன் ஒளி நிறமாலையாக நீண்டு தெரியும். வாங்கியவர்களில் பலர் சிரியஸில் ஹைட்ரஜன் கோடுகளையும் திருவாதிரையில் அகலமான கரும்பட்டைகளையும் பார்த்து மகிழ்ந்துவிட்டு, பிறகு இதைப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள். என் கணிப்பில், கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இதை வாங்குபவருக்குக் கொடுத்த பணம் முழுவதும் ஒரே விண்மீனில் திரும்பக் கிடைத்துவிடுகிறது. அந்த விண்மீன் காமா வெலோரம். அதிலிருந்து வெளியே வீசப்படும் வாயுவைத்தான் தலைப்பில் விண்மீன் காற்று என்றேன்.

மாசி, பங்குனி மாதங்களில் இரவு ஒன்பது, பத்து மணி வாக்கில் தெற்கு நோக்கி நின்றால் அகத்தியர் விண்மீன் வலப்புறம் தாழ்வாகத் தெரியும். அதிலிருந்து இடப்புறமாக, கையை நீட்டிப் பிடித்து ஒரு சாண் அளந்தால், சற்று மேலே காமா வெலோரம் இருக்கும். அதன் தோற்ற ஒளியளவு ஏறத்தாழ 1.8 (இந்த எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) என்பதால் வெறும் கண்ணுக்கே தெளிவாகத் தெரிகிறது. நம் ஊர்களிலிருந்து பார்க்கையில் அது அதிகபட்சமாக 32 பாகை வரை உயர்கிறது. தாராபுரம், மூலனூர்ப் பக்கம் தெற்கு அடிவானத்தில் மலை இருந்தாலும் அந்த உயரத்துக்கு அது எட்டுவதில்லை. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இந்த விண்மீன் எழுவதே இல்லை. கீற்றணியுடன் வந்த விளக்கத்தாளில் இதன் பெயர் இல்லாமல் போனதற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும். அந்தத் தாள், மாசி மாதத்து முன்னிரவில் நமக்குக் கண்ணில் படாத வேகாவையும், சிறு தொலைநோக்கிக்கு மங்கலாகத் தெரியும் அன்னம் விண்மீன் குழுவின் சில விண்மீன்களையும் பார்க்கச் சொல்கிறது. தென்னிந்தியாவில் விற்கப்படும் பொருளுக்குத் தென்வானத்துப் பட்டியல் ஒன்றைச் சேர்த்துத் தருவது விற்பவருக்குப் பெரிய செலவில்லை.

காமா வெலோரம் உண்மையில் நெருங்கிச் சுற்றும் இரட்டை விண்மீன். ஒன்று, மிகச் சூடான விண்மீன்களுக்குரிய O வகையைச் சேர்ந்த பேரொளி விண்மீன். சூரியனைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு நிறை கொண்டது. மற்றொன்று உல்ஃப்-ராயே வகையைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் அதுவும் மிகப் பெருநிறையுடன் பிறந்து, தன் ஹைட்ரஜன் போர்வை முழுவதையும் இழந்து, இன்று 9 சூரிய நிறை அளவுக்குச் சுருங்கி நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று 78.5 நாளுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. அவற்றுக்கு இடையிலான சராசரித் தூரம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்றே கூடுதல். இந்த அமைப்பு நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,100 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. உல்ஃப்-ராயே வகையில் நமக்கு மிக அருகில் இருப்பவற்றுள் ஒன்றும், வானில் மிகப் பிரகாசமாகத் தெரிவதும் இதுவே.

கீற்றணியின் வழியாகப் பார்க்கும்போது மற்ற விண்மீன்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உடனே தெரிகிறது. சாதாரண விண்மீனின் நிறமாலை வண்ணப்பட்டையாகத் தொடங்கி, அதில் இருண்ட கோடுகள் குறுக்கே வெட்டியதாக இருக்கும். காமா வெலோரத்தின் பட்டையிலோ ஒளி திரண்ட முடிச்சுகள் தெரிகின்றன: நீலத்தில் 465 நானோமீட்டருக்கு அருகே ஒன்று, மஞ்சளில் 570, 580 நானோமீட்டர்களுக்கு அருகே அடுத்தடுத்து இரண்டு. இவை பெரும்பாலும் பலமுறை அயனியான, அதாவது எலக்ட்ரான்கள் பலவற்றை இழந்த, கார்பனிலிருந்து வருபவை. நீல முடிச்சில் ஹீலியத்தின் பங்கும் உண்டு. விண்மீனின் உள்ளே ஹீலியம் எரிந்து உருவான கார்பன் வெளிப்பரப்புக்கு வந்து, அங்கிருந்து வெளியே வீசப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கான நேரடிச் சான்று இது. நாம் பார்ப்பது விண்மீனின் பரப்பைக்கூட இல்லை. அதை மூடிக்கொண்டு வெளியேறும் அடர்ந்த காற்றைத்தான் பார்க்கிறோம். அந்தக் காற்று வினாடிக்கு ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. ஆண்டுக்குச் சூரிய நிறையில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கை எடுத்துச் செல்கிறது. நம் சூரியனும் காற்றை வெளியிடுகிறது என்றாலும், அது இழக்கும் நிறை இதில் பல கோடியில் ஒரு பங்குதான்.

1867இல் பாரிஸ் வானாய்வகத்தில் சார்லஸ் உல்ஃப், ஜார்ஜ் ராயே என்னும் இருவர் அன்னம் விண்மீன் குழுவில் மூன்று விண்மீன்களிடம் இத்தகைய ஒளி முடிச்சுகளை, அதாவது ஒளிர்வரிகளை, முதலில் கண்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1871 டிசம்பர் 12ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்கத் தமிழகம் வந்த இத்தாலிய வானியலாளர் லொரென்சோ ரெஸ்பிகி, காமா வெலோரத்தின் நிறமாலையிலும் ஒளிர்வரிகளைக் கண்டு குறித்தார். அதே கிரகணத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் நீலகிரியிலிருந்து பார்த்தார். ஐரோப்பியர் கப்பலேறி வந்து பார்த்த விண்மீன் நமக்குத் தோட்டத்துச் சாளையின் வாசலிலிருந்தே தெரிகிறது என்பதை வாங்குபவர்கள் கணக்கில் கொள்ளலாம்.

இனிப் பொருளின் தரத்துக்கு வருகிறேன். கீற்றணியின் கோடுகள் ஒருபுறம் சாய்வாக அமைக்கப்பட்டிருப்பதால் ஒளியின் பெரும்பகுதி ஒரு பக்கத்து நிறமாலைக்கே போகிறது. மறுபக்கத்தில் தெரிவது மங்கலானது. வளையத்தின் விளிம்பில் உள்ள சிறு குறி எந்தப் பக்கம் பிரகாசமானது என்பதைக் காட்டுகிறது. மரைகள் சுத்தமாக இருக்கின்றன. கண்ணாடி, கோடுகளின் மேல் ஒட்டப்பட்ட காப்புத் தகட்டோடு வருவதால் தூசியைத் துடைப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. விலை நடுத்தர ஐபீஸ் ஒன்றின் விலையைவிடச் சற்றுக் கூடுதல். கோவையில் ஆய்வகக் கருவிகள் விற்கும் கடையொன்றில் சொல்லிவைத்து வாங்கினேன். எடுத்துக் கொடுத்தவர், "இதை வெச்சு என்னங்க பாக்கப் போறீங்க?" என்று கேட்டார், "காத்தைப் பாக்கறதுக்குங்க" என்றதும் உடுமலைக் காற்றாலைகளுக்கு ஏதோ கருவி என்று நினைத்துக்கொண்டார் போலும், ரசீதில் அப்படியே எழுதியிருந்தார்.

கண்ணால் மட்டும் பார்ப்பதென்றால் 130 மில்லிமீட்டர் எதிரொளிப்புத் தொலைநோக்கியில் முடிச்சுகள் தெரிகின்றன, ஆனால் நிறமாலை நூல்போல மெலிந்திருப்பதால் பழகாத கண்ணுக்குச் சிரமம். கேமரா இருந்தால்தான் இந்தப் பொருள் தன் முழுப் பயனையும் தருகிறது. கீற்றணிக்கும் கேமராவின் உணரிக்கும் இடையிலான தூரம் இங்கே மிக முக்கியம். 3.75 மைக்ரான் படப்புள்ளிகள் கொண்ட சிறிய உணரியில் அந்தத் தூரத்தை 60 மில்லிமீட்டராக வைத்தால் ஒரு படப்புள்ளிக்கு 0.6 நானோமீட்டர் விழுகிறது. விண்மீனின் புள்ளியும் அதன் நிறமாலையும் ஒரே படத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 80 மில்லிமீட்டர் வைத்தால் விவரம் கூடுகிறது, ஆனால் சிவப்பு முனை படத்துக்கு வெளியே போய்விடுகிறது. இந்தக் கணக்கு விளக்கத்தாளில் இல்லை. தூரத்தைக் கூட்டும் இடைவளையங்களும் பெட்டியில் இல்லை. தனியாக வாங்க வேண்டும். குவியத்தை விண்மீனின் புள்ளிக்கு வைக்காமல் நிறமாலைக்கே வைக்க வேண்டும் என்பதையும் தாள் சொல்வதில்லை. புள்ளி கூர்மையாக இருக்கும்போது நிறமாலை சற்று மங்கும்.

காமா வெலோரத்துக்கென்றே ஒரு கூடுதல் கவனம் தேவை. அதற்கு 41 விநாடிக்கோணத் தொலைவில் மங்கலான துணை விண்மீன் ஒன்று உண்டு. ஒரு விண்மீனின் ஒளியை மட்டும் உள்ளே விடும் ஒடுங்கிய பிளவு எதுவும் கீற்றணியில் இல்லாததால் பார்வைப் பரப்பில் உள்ள ஒவ்வொரு விண்மீனும் தன் நிறமாலையை நீட்டும். திசை பொருந்தாவிட்டால் துணையின் பட்டை முதன்மையின் பட்டைமேல் ஏறிக்கொள்ளும். வளையத்தைத் திருகித் திருப்பி, இரண்டு பட்டைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே வசதியாகிவிடுகிறது. துணை விண்மீன், O வகையைவிடச் சூடு குறைந்த B வகை. அதில் ஒளிர்வரிகள் இல்லை. ஒரே படத்தில் மேலே முடிச்சுகளுடன் ஒரு பட்டை, கீழே சீரான இன்னொரு பட்டை என்று வருவதைவிட நல்ல ஒப்பீடு வேறு கிடைக்காது. அலைநீள அளவீட்டுக்கு முதலில் சிரியஸைப் படமெடுத்து, அதன் 486.1 நானோமீட்டர் ஹைட்ரஜன் கோட்டை அடையாளமாகக் கொள்வது எளிது.

இந்தக் கீற்றணியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இது கொடுக்கும் பகுதிறன் ஏறத்தாழ 100 முதல் 150 வரைதான்; அதாவது 570 நானோமீட்டரில் ஏறத்தாழ 4 முதல் 6 நானோமீட்டருக்குக் குறைந்த விவரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நம்மை நோக்கி வரும் காற்றும் நம்மைவிட்டு விலகும் காற்றும் சேர்ந்து அந்த ஒளிர்வரியை விரிக்கும் அகலமும் அதே அளவுதான், ஏறத்தாழ ஐந்தரை நானோமீட்டர். ஆகவே படத்தில் தெரியும் முடிச்சின் அகலத்தில் பாதி விண்மீனுடையது, பாதி கருவியுடையது. சிலர் இந்தக் கீற்றணியின் படத்திலிருந்து காற்றின் வேகத்தைக் கணக்கிட்டு வெளியிடுகிறார்கள். கருவியின் கலக்கத்தைத் தனியே அளந்து கழிக்காதவரை அந்த எண்ணை நம்ப இயலாது. காற்று இருக்கிறது என்பதையும் அது எதனால் ஆனது என்பதையும் இக்கருவி ஐயமின்றிக் காட்டும். வேகத்தைச் சொல்வதற்குப் பிளவுள்ள நிறமாலைமானி வேண்டும்.

இந்த விண்மீன்களுக்கு ஏன் இத்தகைய காற்று வீசுகிறது என்பதை வாங்குபவர் அறிந்திருந்தால் படத்தின் மதிப்பு கூடும். O வகை விண்மீனின் வெளிப்பரப்பு வெப்பநிலை 30,000 முதல் 50,000 கெல்வின் வரை இருக்கும். அது வெளிவிடும் ஒளியின் பெரும்பகுதி புற ஊதாவில் இருக்கிறது. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், இரும்பு ஆகியவற்றின் அயனிகள் அந்த ஒளியைத் தமக்கே உரிய அலைநீளங்களில் பற்றிக்கொள்கின்றன. ஒளி வந்த திசை ஒன்றுதான், அயனி அதைத் திரும்ப விடும் திசைகளோ பல. ஆகவே ஒவ்வொரு முறையும் அயனிக்கு வெளிநோக்கிய உந்தம் மிஞ்சுகிறது. 1960களின் நடுவில் ராக்கெட்டில் ஏற்றிய கருவி ஓரியனின் இடைவார் விண்மீன்களைப் புற ஊதாவில் பார்த்து இந்தக் காற்றை வெளிப்படுத்தியது. 1970இல் லூசி, சாலமன் என்னும் வானியலாளர்கள் உந்துதலின் காரணத்தை விளக்கினார்கள். 1975இல் காஸ்டர், அபட், கிளைன் மூவரும் அதைக் கணக்கிடும் முறையாக வளர்த்தார்கள். அந்த முறை பின்னர் பலவாறு திருத்தப்பட்டாலும் இன்றும் அடிப்படை அதுவே.

இந்த உந்துதலில் ஓர் அமைதியின்மை உள்ளுறைந்திருக்கிறது. சென்னிமலைத் தேரோட்டக் கூட்டத்தில் முன்னால் நிற்பவரின் தலை மறைக்கும்போது தேர் தெரியாது. சற்றே விலகி நின்றவருக்கு முழுத் தேரும் தெரியும். அயனிகளின் நிலையும் அதுவே. கீழே உள்ள அயனிகள் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தைத் தடுத்துவிடுவதால் மேலே இருப்பவை அதன் நிழலில் நிற்கின்றன. அவற்றில் ஒன்று தற்செயலாகச் சற்று வேகமெடுத்தால், டாப்ளர் விளைவால் (வேகம் மாறினால் அலைநீளமும் மாறித் தெரிவதால்) அதன் அலைநீளம் நகர்ந்து, யாரும் தொடாத புத்தொளி அதன்மேல் விழுகிறது. அதனால் வேகம் இன்னும் கூடுகிறது. சீரான காற்று இவ்வாறு வேகமான அலைகளாகவும் மெதுவான திரள்களாகவும் உடைகிறது. வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேக வேறுபாட்டில் அவை மோதும்போது அதிர்ச்சி அலை உருவாகி, அங்கே வாயு சில மில்லியன் கெல்வின் வரை சூடேறுகிறது. அந்தச் சூட்டில் பிறப்பதுதான் எக்ஸ் கதிர்.

இந்த முடிவு எளிதில் வந்ததன்று. 1978 நவம்பரில் ஏவப்பட்ட ஐன்ஸ்டீன் ஆய்வகம் என்னும் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் தன் தொடக்க மாதங்களிலேயே O வகை விண்மீன்களிலிருந்து எக்ஸ் கதிர்கள் வருவதைக் கண்டபோது, சூரியனுக்கு இருப்பதுபோல் இவற்றுக்கும் பரப்பை ஒட்டிச் சூடான ஒளிவளையம் இருக்கலாம் என்று எண்ணினார்கள். அப்படி இருந்தால் அடியில் பிறக்கும் குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிர்களை மேலே உள்ள காற்று விழுங்கியிருக்க வேண்டும். அளவீடுகளில் அந்த இழப்பு எதிர்பார்த்த அளவுக்குத் தென்படவில்லை. எனவே கதிர்கள் காற்றுக்குள்ளேயே, பரவலாகப் பிறக்கின்றன என்னும் விளக்கம் நிலைத்தது. விண்மீனின் மொத்த ஒளியாற்றலில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு எக்ஸ் கதிராக வெளிப்படுகிறது என்னும் விகிதமும் O வகையின் பெரும்பாலான விண்மீன்களுக்குப் பொருந்துகிறது.

இதை உறுதிப்படுத்தியதும் ஒரு கீற்றணியே. எக்ஸ் கதிரைப் பூமியின் வளிமண்டலம் தடுத்துவிடுவதால் நம் தோட்டத்துக் கருவிக்கு அதில் இடமில்லை. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999 ஜூலையில் ஏவப்பட்ட சந்திரா ஆய்வகத்தில், பொன்னால் ஆன மெல்லிய கம்பிகளைக் கொண்ட கீற்றணிகள் உள்ளன. அவற்றின் நுண்மையான வகையில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 5,000 கோடுகள். அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பியர் ஏவிய எக்ஸ்எம்எம்-நியூட்டனிலும் கீற்றணி நிறமாலைமானி உண்டு. இவை இரண்டும் மிக விரிவாக ஆராய்ந்த விண்மீன் ஜீட்டா பப்பிஸ். காமா வெலோரத்துக்குச் சற்று மேலே, நம் வானிலேயே வெறும் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் காற்றின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2,250 கிலோமீட்டர். அதன் எக்ஸ் கதிர் வரிகள் அகன்றும், நீலப் பக்கமாக, அதாவது நம்மை நோக்கி வரும் காற்றுக்குரிய பக்கமாக, சாய்ந்தும் இருந்தன. நம்மைவிட்டு விலகும் பின்புறக் காற்றிலிருந்து வரும் கதிர்கள் நம்மை அடைவதற்குள் காற்றின் முழு ஆழத்தையும் கடந்து தேய்கின்றன. முன்புறத்தவை அவ்வளவு தேய்வதில்லை. வரியின் சாய்வை அளந்தால் காற்று எவ்வளவு அடர்த்தியானது, விண்மீன் எவ்வளவு நிறையை இழக்கிறது என்று கணக்கிடலாம். ஹீலியம்போல் இரண்டே எலக்ட்ரான்கள் எஞ்சிய அயனிகள் தரும் மூன்று வரிகளில் ஒன்று, விண்மீனின் புற ஊதா ஒளி வலுவாக விழும் இடத்தில் மங்கிவிடும். அது மங்கும் அளவிலிருந்து எக்ஸ் கதிர் பிறக்கும் இடம் பரப்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும் தெரிகிறது.

காமா வெலோரத்தில் இன்னொரு வழியும் சேர்கிறது. அங்கே இரண்டு விண்மீன்களின் காற்றுகளும் நேருக்கு நேர் மோதுகின்றன. உல்ஃப்-ராயே விண்மீனின் காற்று வலிமையானது என்பதால் மோதல் பரப்பு O விண்மீனைச் சூழ்ந்து கூம்பாக வளைந்துவிடுகிறது. மோதும் வாயு கோடிக்கணக்கான கெல்வின் சூடேறி, ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிரை விடுகிறது. ஆனால் சுற்றியுள்ள அடர்ந்த காற்று அதைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் O விண்மீன் முன்னால் வந்து, அதன் மெல்லிய காற்றால் குடையப்பட்ட கூம்பு நம்மை நோக்கித் திறக்கும் சில நாள்களில் மட்டும் எக்ஸ் கதிர் தெளிவாகக் கூடுவதை 1990களில் ரோசாட் செயற்கைக்கோள் கண்டது. இதைவிடப் பெரிய மோதல், ஈட்டா கரினே என்னும் இன்னொரு பெருநிறை இரட்டை விண்மீனில் நடக்கிறது. ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை இரு விண்மீன்களும் நெருங்கும்போது அதன் எக்ஸ் கதிர் சில வாரங்களுக்குச் சரிந்துவிடும். மோதலில் துகள்கள் முடுக்கப்படுவதைக் காட்டும் ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர்களை நூஸ்டார் தொலைநோக்கி அங்கே கண்டறிந்ததாக 2018இல் அறிவிக்கப்பட்டது. காமா வெலோரத்திலிருந்தும் காமா கதிர்கள் வருவதாக ஃபெர்மி தொலைநோக்கியின் தரவை ஆராய்ந்தவர்கள் அறிவித்துள்ளார்கள். ஈட்டா கரினே நம் ஊரில் 20 பாகைக்கு மேல் எழாது; இந்தக் கீற்றணிக்கு அது மங்கலான, ஏமாற்றம் தரும் இலக்கு.

வாங்க நினைப்பவர்களுக்கு நடைமுறைச் செய்திகள் சில. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தொலைநோக்கியின் குழாயை ஆட்டிவிடும். மெல்லிய அலுமினிய முக்காலி வைத்திருப்பவர்கள் அந்த மாதங்களில் நிறமாலைக்கு ஆசைப்பட வேண்டாம். காமா வெலோரம் மாசியில் வருவதால் அந்தத் தொல்லை இல்லை. திருப்பூர், கோவை நகரங்களின் வெளிச்சம் நமக்கு வடக்கிலும் மேற்கிலும் இருப்பதும் தெற்கு இலக்குக்கு நல்லதே. காற்றாலைகளின் உச்சியில் மினுக்கும் சிவப்பு விளக்குகள் அடிவானத்தோடு நின்றுவிடுகின்றன. விண்மீனைத் தானாகத் தொடரும் மோட்டார் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் காமா வெலோரத்தின் பிரகாசத்துக்கு ஒரு விநாடிக்கும் குறைந்த படங்கள் பலவற்றை எடுத்து அடுக்கினால் போதும்.

ஏற்கெனவே 100 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தொலைநோக்கியும் கோள்களைப் படமெடுக்கும் கேமராவும் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். தொலைநோக்கியே இல்லாதவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டாம். பள்ளிகளுக்கு வாங்குவோர், கேமரா இல்லாமல் மாணவர்கள் வரிசையில் நின்று ஐபீஸ் வழியாகப் பார்க்கும் ஏற்பாட்டுக்கு இது பொருந்தாது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. படத்தைத் திரையில் காட்டுவதாக இருந்தால் மட்டுமே பயன்படும். மில்லிமீட்டருக்கு 200 கோடுகள் கொண்ட வகையும் கிடைக்கிறது. கேமராவுக்கு முன்னால் ஃபில்டர் சக்கரம் பொருத்தி, இடைவெளி 30 மில்லிமீட்டர் அளவுக்கே கிடைப்பவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும், மற்றவர்களுக்கு 100 கோடுகளே போதுமானது.